கட்டும் முன் கேளுங்கள்

வைட்டிலாவிலும், பொன்னுருன்னி, தைக்கூடம், சம்பக்கரை, சக்கரப்பறம்பு இடவழிகளிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, உங்கள் மதிலை ஒட்டி நிறுத்தியிருந்த உங்கள் வண்டிக்கு அபராதம் வந்தது. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி, அதைத் திறந்தால் ஒரு சலான், அதில் 250 ரூபாய். உங்களில் பெரும்பாலோர் அன்று இரவே கட்டிவிட்டீர்கள். "போனால் போகட்டும், வந்த ஊரில் நமக்கு எதற்கு வம்பு" என்றீர்கள். மலையாளமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் அந்தச் சலான்களில் பலவற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். அது சரியா தவறா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை உங்களைக் கேட்க வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

250 ரூபாய் உங்களில் சிலருக்குப் பெரிய தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். காக்கநாட்டில் கணினி வேலை பார்க்கிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. ஆனால் மேஸ்திரி வேலை பார்த்து, தவணையில் பழைய ஆம்னி வாங்கி, அதில் சாமான் ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அது சில மணி நேர உழைப்பு. அதே இடத்தில் அதே வண்டி மீண்டும் நிற்கும், ஏனென்றால் அவருக்கு வேறு இடம் கிடையாது. மறுபடியும் சலான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த குற்றத்துக்கு 1500 ரூபாய் வரை என்று சொல்கிறது. முதல் முறை வாய் திறக்காமல் கட்டிய பணம் "ஆமாம், தப்புதான்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் போலப் பதிவில் நிற்கும்.

உங்களுக்குக் கசப்பான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கு வெளியே இருக்கும் தரை உங்களுடையது இல்லை. பத்திரத்தில் மூன்றே முக்கால் சென்ட் என்றிருந்தால் அது மதிலோடு முடிகிறது. அதற்கப்பால் உள்ள பொதுவழி கேரள நகராட்சிச் சட்டப்படி மாநகராட்சியைச் சேர்ந்தது. மழைநீர் ஓடையின் மேல் போட்ட ஸ்லாப்பும் அப்படித்தான், அந்த ஸ்லாப்புக்கு நீங்களே காசு கொடுத்திருந்தாலும் சரி. "என் வீட்டு வாசல், என் இஷ்டம்" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் போகாதீர்கள். அந்த வாதம் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடும். அதோடு சேர்ந்து உங்களுடைய நல்ல வாதமும் தோற்றுவிடும்.

நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. அது சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவைப் பாருங்கள். வண்டி நிறுத்தியதற்கான அபராதங்களில் பெரும்பாலானவை இதில்தான் வந்து நிற்கின்றன. பொது இடத்தில் வண்டியை நிறுத்துவதே குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த இடத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, அளவுக்கு மீறிய இடைஞ்சலோ உண்டாக்கும்படியாக, அல்லது உண்டாக்கக்கூடும்படியாக வண்டியை நிற்கவிடுவதுதான் குற்றம். "மற்றவர்களுக்கு" என்ற சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. ஆகவே கேள்வி, உங்கள் வண்டி எங்கே நின்றது என்பதோடு முடிவதில்லை. யாருடைய வழியை அது மறித்தது என்றும் கேட்டாக வேண்டும். எதிரே இன்னொரு கார் போக இடம் இருந்ததா? ஆட்டோ திரும்ப முடிந்ததா? நடந்து போகிறவர் நடுச்சாலைக்கு இறங்க வேண்டி வந்ததா? இவற்றுக்கெல்லாம் உங்கள் பக்கம் நியாயமான பதில் இருந்தால், அந்தச் சலானை எதிர்த்துப் பேச உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாவதாக, வாயிலை மறிப்பது பற்றிய விதி. ஒரு வளாகத்தின் வாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989-இன் சாலை விதிகள் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. இந்த விதி யாருக்காக எழுதப்பட்டது? வீட்டுக்குள் இருப்பவர் வெளியே வர முடியாமல், வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாமல் தவிக்கக் கூடாது என்பதற்காக. உங்கள் கேட்டுக்கு முன்னால் அந்நியர் ஒருவர் காரை நிறுத்திவிட்டு மெட்ரோ ஏறிப் போய்விட்டால் உங்களைக் காப்பாற்ற வேண்டிய விதி அது. அந்த விதியையே உங்கள் கேட்டை உங்கள் வண்டி மறித்தது என்று உங்கள் மேல் திருப்பினால், பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் ஒரே ஆளாகிவிடுகிறார். புகார் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அந்த வாயிலைப் பயன்படுத்தும் வேறு குடும்பம் இருக்கிறதா என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவரின் ஸ்கூட்டர் வெளியே வர முடியாமல் நின்றிருந்தால், அது உங்கள் கேட் மட்டும் ஆகாது.

சொந்த வாயிலுக்கு விலக்கு என்பது உலகுக்குப் புதிதான யோசனை இல்லை. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் வீட்டு வண்டிப்பாதைக்காகத் தாழ்த்திய நடைபாதை விளிம்பை அடைத்து வண்டி நிறுத்துவதைத் தடை செய்கிறது. அதே 86-ஆம் பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது: அந்த வீட்டில் குடியிருப்பவரோ, அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ நிறுத்தினால் இந்தத் தடை பொருந்தாது. சம்மதம் காசுக்குக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் பாதையாக இருந்தால் விலக்கு கிடையாது. நியூயார்க் நகரத்தில் இரண்டு குடியிருப்புகளுக்கு மேல் இல்லாத மனைக்காரர், தன் பேரில் அந்த முகவரியில் பதிவான வண்டியைத் தன் வண்டிப்பாதைக்கு முன்னால் நிறுத்தலாம். யார் நிறுத்தலாம், எந்த வீட்டுக்கு முன்னால், எந்தக் கட்டுப்பாட்டோடு என்பதை அந்த ஊர்கள் எழுதி வைத்திருக்கின்றன. நம் விதியில் இப்படி ஒரு வரி இல்லை. வாயிலை மறிக்காதே என்பதோடு அது நின்றுவிடுகிறது, சொந்த வாயிலா அடுத்தவர் வாயிலா என்று பிரித்துச் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் சலான் முளைக்கிறது. எழுதாத இடத்தை அதிகாரி தன் விருப்பப்படி நிரப்பும்போது, நீங்களும் உங்கள் நியாயத்தை எழுதி நிரப்ப வேண்டும்.

எப்போது எதிர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். நடைபாதையின் மேல் சக்கரம் ஏறியிருந்தால் கட்டிவிடுங்கள். வீட்டு வாசலாக இருந்தாலும் நடைபாதை நடப்பவருக்கு உரியது. ஓடை ஸ்லாப்பின் மேல் மக்கள் நடக்கிறார்கள் என்றால், நம்மூரில் அதுதான் நடைபாதை. சந்திப்பை ஒட்டியோ, வளைவிலோ, பாலத்தின் மேலோ நிறுத்தியிருந்தாலும் கட்டிவிடுங்கள். முறையாக வைத்த தடைப் பலகை இருந்தும் நிறுத்தியிருந்தால் வாதாட ஒன்றுமில்லை. இடவழி மிகக் குறுகி, உங்கள் வண்டி நின்றால் ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ போக முடியாது என்றால், சலான் வராவிட்டாலும் அங்கே நிறுத்தாதீர்கள். கணியாம்புழைப் பக்கமும் சளிக்கவட்டத்துப் பக்கமும் அப்படிப்பட்ட இடவழிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வீட்டின் வசதிக்காக உள்ளே இருக்கும் மற்ற வீடுகள் எல்லாம் உயிர்ப்பயத்தில் இருக்க முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 127-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியை, சீருடையில் உள்ள காவல் அதிகாரி இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடலாம். தடைப் பலகை இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இரவு எட்டு மணிக்கு நிறுத்தி மறுநாள் காலை எட்டரைக்கு எடுக்கிறவர்கள் இந்த மணிக்கணக்கை நினைவில் வையுங்கள். இழுத்துச் செல்லும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இனி சலானைக் கையில் எடுங்கள். எந்தப் பிரிவு என்று அதில் இருக்க வேண்டும். 122 என்றால் தடை எங்கே, யாருக்கு என்று கேளுங்கள். போக்குவரத்துப் பலகையை மீறியதாக எழுதியிருந்தால் அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள். பலகை நட அதிகாரம் பெற்றவர் யார் என்பதை 116-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயின்ட் கடையில் எழுதி மாட்டிய "நோ பார்க்கிங்" அந்தக் கணக்கில் வராது. உங்கள் இடவழி தடை செய்யப்பட்ட இடம் என்று சொன்னால், அந்த உத்தரவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். சட்டம் 2005-இல் வந்தது, விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உத்தரவு இருந்தால் அது வரும். இல்லாவிட்டால், இல்லை என்ற பதிலே உங்கள் மனுவில் மிகப் பலமான தாளாகிவிடும்.

கேமரா பிடித்த சலானாக இருந்தால் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் கேமரா அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. மொத்தம் 726 கேமராக்கள், அவற்றில் 25 வண்டி நிறுத்தும் குற்றத்துக்கென்றே வைக்கப்பட்டவை. இவற்றைப் போன்ற கருவிகளுக்காக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167அ என்ற விதியை 2021 ஆகஸ்டில் சேர்த்தார்கள். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம் வேண்டும். தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பவை வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிப்பு நடக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை அந்த இடத்துக்கு முன்னால் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். படத்தோடு மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65ஆ, 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 63-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. யாரோ கைப்பேசியில் எடுத்த ஒரு படம், அதில் உங்கள் காரின் பின்பக்கம் மட்டும், சாலையின் அகலமும் தெரியவில்லை, எதிர்ப்பக்கமும் தெரியவில்லை என்றால், தடை உண்டானது என்பதை அந்தப் படம் எப்படிக் காட்டும்? இதைத்தான் மனுவில் எழுத வேண்டும். உங்கள் பக்கத்துப் படத்தையும் நீங்களே எடுங்கள். வண்டி நின்ற அதே இடத்தில், இடவழியின் முழு அகலமும் தெரியும்படி, அளவு நாடாவைத் தரையில் விரித்து எடுங்கள்.

எங்கே கொடுப்பது? இ-சலான் இணையதளத்திலேயே குறை தெரிவிக்கும் இடம் இருக்கிறது. சலான் அனுப்பிய அலுவலகத்துக்கு நேரிலும் எழுதிக் கொடுக்கலாம். முத்திரை வைத்த ரசீது வாங்காமல் வராதீர்கள். கால வரம்பு எவ்வளவு என்பதைச் சலானிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அப்படியே விட்டுவிட்டால் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே திரையில் இரண்டு வழிகள் தெரியும்: அபராதம் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. இங்கே "பெட்டிக் கேஸ்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கொலைக் கேஸ் இல்லை, யாரும் உங்களைப் பிடித்து உள்ளே வைக்கப் போவதில்லை. வண்டி மனைவியின் பேரில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. தொழில்துறைத் தொழிலாளர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அந்த உரிமை உண்டு. எர்ணாகுளத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போய்க் கேட்பது பிச்சை எடுப்பது ஆகாது. அது உங்களுக்காக வைத்த கதவு.

இப்போது நெஞ்சில் கிடப்பதைச் சொல்கிறேன். நீங்கள் கட்டிவிட்டு நகர்வது பணத்துக்குப் பயந்து இல்லை, மொழிக்குப் பயந்து. சலானில் ஆங்கிலம், அலுவலகத்தில் மலையாளம், கவுன்டரில் வரிசை, பின்னால் நிற்பவரின் முணுமுணுப்பு. தப்பாகப் பேசிவிடுவோமோ, "பாண்டி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம். தாத்தா காலத்தில் வந்த குடும்பங்களுக்கே அது இன்னும் போகவில்லை. மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எர்ணாகுளம் சிவன் கோயிலைச் சுற்றிக் கிராமம் அமைத்துக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். வெல்லிங்டன் தீவின் வாத்துருத்தியில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரின் சுவரில், துறைமுகத்தில், கடைத்தெருவில் நம் உழைப்பு இருக்கிறது. வீட்டு வரி கட்டுகிறோம், சாலை வரி கட்டுகிறோம். விருந்தாளியைப் போல ஒடுங்கி நிற்க என்ன காரணம்?

நம் அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். தன் குறை தீர, மத்திய அரசின் அல்லது மாநில அரசின் எந்த அதிகாரியிடமும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையரை மறக்கவில்லை. தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த அது இடம் தருகிறது. ஆகவே உங்கள் மனுவைத் தமிழில் எழுதுங்கள். சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதற்காக அடியில் மலையாளத்திலும் ஒரு பிரதி சேருங்கள்; உங்கள் பிள்ளைகள் இங்கே பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், அவர்கள் எழுதித் தருவார்கள். பதினாறு வயதுப் பிள்ளை தன் அப்பாவின் நியாயத்தைத் தானே எழுதிப் பார்ப்பதைவிடப் பெரிய குடிமைப் பாடம் எந்தப் பள்ளியில் கிடைக்கும்?

வைட்டிலா எப்படி மாறியது என்பதை நீங்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள். ஒரு காலத்தில் தனிப் பஞ்சாயத்தாக இருந்த இடம் 1967-இல் கொச்சி மாநகராட்சியில் சேர்ந்தது. 2011-இல் மொபிலிட்டி ஹப் திறந்தது. 2019 செப்டம்பரில் மெட்ரோ வந்தது. 2021 ஜனவரி 9-இல் மேம்பாலம். 2023 ஏப்ரலில் இங்கிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ. எல்லாமே தேவையானவை, எல்லாவற்றிலும் நாமும் ஏறிப் போகிறோம். ஆனால் பேருந்துக்கும் ரயிலுக்கும் படகுக்கும் இடம் ஒதுக்கியபோது, சுற்றியுள்ள இடவழிகளில் வண்டி எங்கே நிற்கும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. இந்த இடவழிகள் சைக்கிளுக்கும் கைவண்டிக்கும் போட்டவை. வீடுகள் போர்ச் இல்லாமல் கட்டியவை. இருக்கிற போர்ச்சும் பழைய மாருதி 800 அளவுக்கானது. மழைக்காலத்தில் தாழ்வான முற்றத்தில் தண்ணீர் ஏறினால் வண்டியை வெளியே மேட்டில் ஏற்றுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. மெட்ரோவுக்கு வருகிறவர்களோ காலையில் நம் வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வரும் முன் நம் வண்டியை வாசலில் நிறுத்தி வைப்பதுதான், நம் கேட்டைக் காப்பாற்ற நாம் கண்ட ஒரே உபாயம். இதைத் திட்டமில்லாமல் விட்டவர்கள் பொறுப்பேற்காமல், அதன் விலையை வீட்டுக்கு வீடு 250 ரூபாயாக வசூலிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. வண்டிகள் நிற்கும் இடங்களை, உள்ளாட்சி அமைப்போடு கலந்து மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவரோ தீர்மானிக்கலாம் என்கிறது 117-ஆம் பிரிவு. பெங்களூரு 2021-இல் குடியிருப்புத் தெருக்களுக்கு ஆண்டு அனுமதிச் சீட்டு என்ற யோசனையைத் தன் வண்டி நிறுத்தக் கொள்கையில் சேர்த்தது. சிறிய காருக்கு ஆண்டுக்கு 1000 ரூபாய், பெரியதற்கு 5000 வரை. அந்தக் கட்டணத்தை நான் ஆதரிக்கவில்லை. ஏழைத் தெருவுக்கும் பணக்காரத் தெருவுக்கும் ஒரே விலை வைப்பது சரியில்லை. தில்லி விஷயத்தில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குடியிருப்புப் பகுதிகளிலும் நடைபாதை நடப்பவருக்கே என்று உறுதியாகச் சொல்லி, வண்டி நிறுத்த விதிகளைக் காலக்கெடுவுக்குள் வெளியிடச் சொன்னது. மற்ற ஊர்கள் தடுமாறியாவது எழுதிப் பார்க்கின்றன. வைட்டிலாவின் இடவழிகளுக்கும் எழுதட்டும்: எந்த இடவழியில் எந்தப் பக்கம் நிறுத்தலாம், எங்கே கூடவே கூடாது, சொந்த கேட்டுக்கு முன்னால் வீட்டுக்காரர் நிறுத்தலாமா, எத்தனை அடி வழி விட வேண்டும். கூடாது என்றுதான் முடிவு என்றாலும் எழுதிப் பலகையில் வைக்கட்டும். ஏற்றுக்கொள்வோம்.

இதைக் கேட்க நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் கேட்டுக்கு வெளியே சாலையில் சிமென்ட் தொட்டி வைத்திருக்கிறீர்களா? இரும்புக் கம்பி நட்டுச் சங்கிலி போட்டிருக்கிறீர்களா? நீங்களே எழுதிய "நோ பார்க்கிங்" பலகையைச் சாலையில் நிறுத்தியிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். சென்னையில் 2024-இல் போக்குவரத்துக் காவல்துறை, வீடுகளுக்கும் கடைகளுக்கும் முன்னால் அனுமதியின்றி வைத்த பலகைகளையும் தொட்டிகளையும் எடுக்கச் சொல்லி எச்சரித்தது. பொதுவழி எனக்கே என்று நாம் வேலி போட்டால், பொதுவழியில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று கேட்கும் உரிமை தானாகப் போய்விடும். பார்வை இல்லாதவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், குழந்தையைப் பள்ளிக்குக் கையில் பிடித்துப் போகும் தாய் இவர்கள் எல்லோரும் நம் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அவர்களுக்கு வழி விட்ட பிறகு மிஞ்சும் இடத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. இன்று உங்கள் கைப்பேசியில் கட்டாத சலான் இருந்தால், கட்டும் முன் ஒரு நாள் பொறுங்கள். படத்தைப் பாருங்கள், பிரிவைப் பாருங்கள், வாசலில் இறங்கி அளந்து பாருங்கள். தவறு உங்களுடையது என்றால் தயங்காமல் கட்டுங்கள். இல்லை என்று தெரிந்தால் மனு எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், எழுத உதவுகிறேன். கட்டி முடித்தவர்களும் பழைய சலான்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். எந்த இடவழி, எந்தத் தேதி, என்ன காரணம் என்று ஒரே தாளில் சேர்த்தால், இது ஒருவரின் குறையாக நிற்காமல் ஒரு வட்டாரத்தின் குறையாக நிற்கும்.

பிறகு, குடியிருப்போர் சங்கத்தில் சேருங்கள். உங்களில் பலர் சந்தா கட்டுகிறீர்கள், ஓணத்துக்கு சத்யா விருந்து சாப்பிடப் போகிறீர்கள், கூட்டத்துக்குப் போவதில்லை. போங்கள். மலையாளி அண்டை வீட்டாருக்கும் இதே சலான்தான் வருகிறது, இதே எரிச்சல்தான் இருக்கிறது, அவர்களோடு சேர்ந்து பேசுங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: நம் பகுதி இடவழிகளை அளந்து, 117-ஆம் பிரிவின்படி வண்டி நிற்கும் இடங்களைக் குறிக்க வேண்டும், சொந்த வாயில் பற்றிய விதியை எழுத்தில் தெளிவாக்க வேண்டும், அதுவரை நடைபாதையையும் பிறர் வழியையும் மறிக்காத வண்டிகளுக்கு வாசல் சலான் போடுவதை நிறுத்த வேண்டும். அந்தத் தீர்மானத்தின் நகல் கவுன்சிலருக்கும் வார்டு கமிட்டிக்கும் மாநகராட்சிச் செயலருக்கும் காவல் ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டின் கீழும் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.

அன்புடன்,
பொன்னுருன்னியில் உங்கள் அண்டை வீட்டான்